வேட்டைக்காரர் இருந்தால் மற்றவர்களுக்கு என்ன வேலை? கிளாஸ்களைச் சமன்செய்வது பற்றி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் ஒரு தம்பி தன் நண்பர்கள் ஐந்து பேருக்கு டிஎம்மாக (கதையையும் விதிகளையும் நடத்துபவராக) இருந்து ஆட்டம் நடத்துகிறார். டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டின் 2014 விதிகளை அடியாக வைத்து, பண்டாரவன்னியன் காலத்து வன்னியைப் போன்ற ஒரு கற்பனை நாட்டை உருவாக்கியிருக்கிறார். வாள்வீரர், வேட்டைக்காரர், பரிகாரி (வைத்தியர்), மந்திரவாதி, தூதர் என்று ஐந்து கிளாஸ், அதாவது பாத்திரத்தின் தொழில்வகை. காட்டுக்குள் இறங்கினால் வேட்டைக்காரரே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார். ஊருக்குள் வந்தால் அவரை ஆடுபவர் ஃபோனைக் கையில் எடுத்துவிடுகிறார். பாத்திரங்கள் அனுபவத்தால் ஏறும் படிகளில், ஐந்தாம் லெவலுக்குப் பிறகு மந்திரவாதி எல்லோருடைய வேலையையும் செய்கிறார். பரிகாரியை ஆட யாரும் விரும்புவதில்லை. எண்களை எப்படி மாற்றினால் சரிவரும், ஆறாவதாக மீனவர் என்று ஒரு கிளாஸ் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

எண்களைப் பிறகு பார்ப்போம் தம்பி. சண்டைக்குள் எண்ணைச் சமப்படுத்துவது பெரிய வேலை இல்லை. ஒரு சுற்றில் யார் எவ்வளவு சேதம் செய்கிறார், எத்தனை அடி தாங்குகிறார் என்று கொப்பியில் நாலு வரி எழுதினால் தெரிந்துவிடும். உங்கள் மேசையில் பிசகுவது சண்டைக்கு வெளியே. அங்கே நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு கிளாஸின் திறமை ஒரு சிக்கலை மேசையை விட்டே எடுத்துவிடுகிறதா, இல்லை, அந்தச் சிக்கலைப் பற்றி எல்லோரும் கூடி முடிவெடுக்க வழி திறக்கிறதா? சிக்கலையே எடுத்துவிடும் திறமை தாளில் எவ்வளவு பலமாகத் தெரிந்தாலும், அதை ஆடுபவருக்கும் சுவை இராது, பக்கத்தில் இருப்பவருக்கும் வேலை இராது.

2014 விதிகளின் ரேஞ்சரை எடுங்கள், உங்கள் வேட்டைக்காரர் அங்கிருந்துதான் வந்திருக்கிறார். பழக்கமான நிலத்தில் ரேஞ்சர் கூட்டிப்போகும் குழு, மந்திரத்தால் குழப்பினாலொழிய வழி தவறாது. கரடுமுரடான நிலம் பயணத்தைத் தாமதப்படுத்தாது. உணவு தேடினால் இரண்டு மடங்கு கிடைக்கும். தடம் பார்த்தால் எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு நேரத்துக்கு முன்னர் போனார்கள் என்பது வரை தெரியும். வாசிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஆட்டத்தில் நடப்பது என்ன? "மூன்று நாள் நடந்து போய்ச் சேர்ந்தீர்கள்" என்று டிஎம் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார். காட்டுக்கென்றே செய்த கிளாஸ் வந்ததும் காடு ஆட்டத்தில் இல்லாமல் போகிறது. போதாக்குறைக்கு, அவுட்லாண்டர் என்ற பின்னணியை (கிளாஸுக்குப் புறம்பாக, பாத்திரத்தின் முன்வாழ்க்கை) எடுத்த எவரும், நிலத்தில் கிடைக்கக்கூடியதாக இருந்தால், தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் அன்றன்றைய உணவும் நீரும் தேடிக்கொண்டுவரலாம். குட்பெரி என்ற முதல் லெவல் ஸ்பெல் (மந்திரம்) பத்துப் பழம் தரும், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. ரேஞ்சர் மீது வந்த குறைகள் பலவற்றுக்கு அவருடைய பலவீனம் காரணம் இல்லை என்பது என் எண்ணம். அவர் எந்த விளையாட்டுக்காக வந்தாரோ அந்த விளையாட்டை அவருடைய திறமையே அழித்துவிட்டது. 2016இல் திருத்திய ரேஞ்சர் ஒன்றைச் சோதனைக்கு விட்டதும், 2020இல் மாற்றுத் திறமைகள் கொடுத்ததும் அந்தக் குறைகளைக் கேட்டுத்தான்.

இனி உங்கள் நாட்டுக்கு வருவோம். ஆவணி மாதம். பனங்காமத்திலிருந்து முல்லைத்தீவுக் கரைக்கு ஓர் ஓலை போய்ச்சேர வேண்டும். காட்டுவழியே மூன்று நாள் நடை என்று வைத்துக்கொள்வோம். 2014 விதிப்படி ஓராளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கலன் தண்ணீர் வேண்டும், வெக்கையில் இரண்டு கலன். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 30 கலன், அதாவது 110 லீற்றருக்கு மேல், 110 கிலோவுக்கு மேல். சுமந்துகொண்டு போக முடியாது. (ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் வரைபடத்தில் இரணைமடுக் குளத்தைப் பெரிதாக வரைந்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது 20ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்த குளம். 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தபோது அந்த அணை இல்லை, கனகராயன் ஆறுதான் இருந்தது. தண்ணீரை நம்பி ஆட்டம் நடத்தும்போது இது முக்கியம்.)

இந்த இடத்தில் வேட்டைக்காரருக்கு டைஸ் போடாமலே தெரிந்தவை சில இருக்கட்டும். ஆறு வற்றிக் கிடக்கிறது, ஆனால் வளைவுகளில் மணலைத் தோண்டினால் ஊற்று வரும். பொழுதுபட்டால் அதே ஊற்றுக்கு யானையும் வரும். தெற்கே ஒரு மோட்டை இருக்கிறது, தண்ணீர் கலங்கல், பக்கத்தில் நாலைந்து குடிசை, எதிரியின் காவலும் அங்கே வந்துபோகிறது. நேர்வழி ஒன்றும் உண்டு. இரண்டு நாளில் முடிந்துவிடும், ஆனால் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இவ்வளவையும் நீங்கள் வேட்டைக்காரரை ஆடுபவரிடம் ஒரு துண்டுத் தாளில் கொடுங்கள், அவர் தன் வாயால் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். பிறகு மேசையைக் கவனியுங்கள். காவலை மடக்கலாம் என்று வாள்வீரர் சொல்வார். குடிசைக்காரரோடு கதைத்துப் பார்க்கலாம் என்று தூதர் சொல்வார். தேத்தாங்கொட்டை கிடைத்தால் கலங்கலைத் தெளியவைக்கலாம் என்று பரிகாரி சொல்வார், அதைக் காட்டில் தேடித்தர வேட்டைக்காரர் வேண்டும். நேர்வழியில் போனால் தன் மந்திரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று மந்திரவாதி கணக்குப் பார்ப்பார். யாரும் சும்மா இல்லை. வேட்டைக்காரர் சிக்கலைத் தீர்க்கவும் இல்லை. ஆனால் அவர் இல்லாத குழு இந்த மூன்று வழியும் இருப்பதே தெரியாமல் வெறும் சுரைக்குடுக்கையோடு வெக்கையில் நின்றிருக்கும்.

இதை விதியாக எழுத வேண்டுமானால் இப்படி எழுதுங்கள்: பழக்கமான காட்டில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, முன்னால் உள்ள வழிகளில் இரண்டையாவது அவற்றின் நன்மையோடும் ஆபத்தோடும் டிஎம் வேட்டைக்காரருக்குச் சொல்ல வேண்டும், அதற்கு டைஸ் இல்லை. தெரிந்தெடுத்த வழியில் நடக்கும்போதுதான் டைஸ். அதில் தோற்றாலும் வழி தவறாது, நேரமோ தண்ணீரோ கூடுதலாகச் செலவாகும், அல்லது சத்தம் எழும். இரண்டு மடங்கு உணவு, தவறாத வழி ஆகிய பழைய வரிகளை வெட்டிவிடுங்கள். பருவம் மாறினால் அதே திறமை வேறு செய்தி தரும் என்பது இதில் உள்ள இன்னொரு நன்மை. மாரியில் குளங்கள் வான் பாய்ந்து பாதைகள் அறுந்திருக்கும். பாலைப்பழக் காலத்தில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மரத்தடியில் கரடி நிற்கும்.

அடுத்த கோளாறு, ஒருவருடைய சிறப்பு மற்றவர்களின் கையைக் கட்டிப்போடுவது. 1974இல் இந்த விளையாட்டு வெளிவந்தபோது போர்வீரர், மந்திரவாதி, குரு என்று மூன்றே கிளாஸ். திருடர் 1975இல் ஒரு துணைநூலில் சேர்ந்தார். அதுவரை, நிலத்தைத் தடியால் தட்டிக்கொண்டே நடக்கிறேன் என்று எவரும் சொல்லலாம், டிஎம் அதைக் கேட்டு என்ன நடந்தது என்று சொல்வார். பொறியை அகற்றவும் ஒளிந்து நடக்கவும் திருடருக்கென்று ஒரு வீதக்கணக்கு எழுதப்பட்டதும், அது மற்றவர்களால் முடியாது என்று பல மேசைகளில் அர்த்தமாகிவிட்டது. அந்த வீதங்களும் முதல் லெவலில் மிகக் குறைவு. முயற்சிக்க உரிமை உள்ள ஒரே ஆள் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்தார்.

எனவே உங்கள் விதிகளில் "மட்டுமே" என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் தேடிப் பாருங்கள். வேட்டைக்காரர் மட்டுமே தடம் பார்க்கலாம், பரிகாரி மட்டுமே காயம் கட்டலாம் என்று இருந்தால் எடுத்துவிடுங்கள். யானை லத்தி கிடப்பது எல்லோருக்கும் தெரியட்டும். அது இன்று காலையில் விழுந்ததா, கூட்டத்தினுடையதா தனியனுடையதா என்பது வேட்டைக்காரருக்குத் தெரியட்டும். முதல் அடுக்கு எல்லோருக்கும், அடுத்த அடுக்கு தேர்ந்தவருக்கு.

ஒளிந்து நடப்பதில் இது எண்ணாகவே தெரியும், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐந்து பேர் காவலைக் கடக்கிறார்கள். வேட்டைக்காரர் வெல்ல 90 வீத வாய்ப்பு, மற்ற நால்வருக்கும் 40 வீதம். ஐவரும் தனித்தனியே வெல்ல வேண்டும் என்று கேட்டால் குழு தப்பும் வாய்ப்பு 2 வீதம் சொச்சம். அதனால்தான் "நீ மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வா" என்று அவரை அனுப்பிவிட்டு நால்வரும் காத்திருக்கிறார்கள். 2014 விதிகளிலேயே குழுச் சோதனை என்று ஒன்று இருக்கிறது: பாதிப் பேராவது வென்றால் குழு வென்றது. அதன்படி மூவர் வென்றால் போதும், வாய்ப்பு 49 வீதமாகிவிடும். வேட்டைக்காரர் ஒரு சைகையால் இன்னொருவரை மறுபடி டைஸ் போடவைக்கலாம் என்று ஒரு திறமையையும் சேர்த்துவிடுங்கள். அவர் தேர்ச்சி மற்றவர்களைத் தூக்கிவிடும், வீட்டில் விட்டுவிட்டுப் போகாது.

ஊருக்குள் வந்தால் ஃபோன் பார்க்கிறார் என்றீர்கள். ஊருக்கென்று அவருக்குத் தனித் திறமை ஏதும் கொடுக்க வேண்டாம், அது தூதரின் இடத்தைத் தின்னும். காட்டை ஊருக்குள் கொண்டுவாருங்கள். மேற்கிலிருந்து வருகிறேன் என்று சொல்லும் வியாபாரியின் வண்டில் சில்லில் நந்திக்கடல் பக்கத்து உவர்மண் ஒட்டியிருக்கிறது. சந்தையில் விற்கும் தேன் இந்தப் பருவத்துத் தேன் இல்லை. இதைக் கண்டுபிடிப்பவர் வேட்டைக்காரர், அதை வைத்து வியாபாரியை மடக்குபவர் தூதர். ஓர் ஆட்டத்துக்கு இப்படி ஒன்று ஆயத்தம் செய்து வைத்தால் போதும்.

மந்திரவாதி விஷயம் கொஞ்சம் நீளமானது. மந்திரம் மற்றவர்களின் வேலையைச் செய்யலாம், அதில் தவறில்லை. தேர்ந்தவரை விட அதே வேலையை மலிவாகவும் சுத்தமாகவும் செய்தால்தான் பிழை. பூட்டைத் திறக்கும் நாக் என்ற ஸ்பெல்லைப் பாருங்கள். பழைய பதிப்புகளில் அது திருடரின் பிழைப்பைக் கெடுத்த மந்திரம். 2014இல் ஒரு வரி சேர்த்தார்கள்: அதைப் போட்டால் 300 அடி தூரம் கேட்கும்படி பலத்த தட்டல் சத்தம் எழும். திருடர் திறந்தால் சத்தமில்லை, நேரம் போகும். மந்திரவாதி திறந்தால் நேரம் போகாது, ஊர் விழிக்கும். இப்போது குழு யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் மிகவும் மதிக்கும் திருத்தம் அது. உங்கள் ஸ்பெல் பட்டியலை எடுத்து, வேறொரு கிளாஸின் வேலையைச் செய்யும் ஒவ்வொன்றுக்கும் இதுபோல ஒரு விலை எழுதுங்கள்.

தண்ணீரை வரவழைக்கும் முதல் லெவல் ஸ்பெல்லை உங்கள் மந்திரவாதிக்குக் கொடுத்திருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். 2014இல் அது குருவுக்கும் ட்ரூயிட் என்ற இன்னொரு கிளாஸுக்கும் உரியது, பத்துக் கலன் தரும். ஐந்து பேர், வெக்கை, ஓராளுக்கு நாளுக்கு இரண்டு கலன்: சரியாகப் பத்து. நாளுக்கு ஒரு தடவை போட்டாலே மேலே சொன்ன ஆவணிப் பயணம் முழுவதும் காணாமல் போய்விடும். தடைசெய்ய வேண்டாம். அந்தத் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்று வையுங்கள். பக்கத்துக் குளத்தில் அந்தளவு குறையும், அலைகரையில் நிற்பவர்கள் அதைக் காண்பார்கள், குளக்கட்டில் இருக்கும் ஐயனாருக்குப் பதில் சொல்ல வேண்டியும் வரும். தாகம் தீரும், தூதருக்கு வேலை வரும்.

மந்திரவாதி கை ஓங்குவதற்குப் பெரிய காரணம் ஓய்வு. 2014 விதிகள், செலவான ஸ்பெல்களைத் திருப்பித் தரும் ஒரு நெடிய ஓய்வுக்கும் அடுத்ததுக்கும் இடையே நடுத்தரமோ கடினமோ ஆன ஆறு முதல் எட்டு மோதல்கள் இருக்கும் என்று கணக்கிட்டவை. ஒரு நாளைக்கு ஒரு சண்டைதான் வைக்கிறீர்கள் என்றால், மந்திரவாதி தன்னிடம் உள்ள அத்தனையையும் அந்த ஒன்றில் கொட்டுவார், ஒவ்வொரு சுற்றிலும் ஒரேமாதிரி வெட்டும் வாள்வீரர் மங்கித்தான் தெரிவார். எட்டு மோதல் வைக்க உங்களுக்கு நேரம் இராது, யாருக்கும் இராது. அதே விதிநூலில் ஒரு மாற்று உண்டு: குறு ஓய்வு எட்டு மணித்தியாலம், நெடிய ஓய்வு ஏழு நாள். அதை எடுத்து நம் நிலத்துக்கு ஏற்ப ஒரு நிபந்தனையும் வையுங்கள். குளமும் கோயிலும், இடம் தரும் ஆட்களும் உள்ள ஊரில்தான் நெடிய ஓய்வு. காட்டுக்குள் கண்ணயரலாம், ஆனால் ஸ்பெல் திரும்பி வராது. இப்போது மந்திரவாதியின் பலம் வேட்டைக்காரர் காட்டும் வழியிலும் தூதர் கதைத்துப் பெறும் இடத்திலும் தங்கியிருக்கிறது. ஸ்பெல்களின் சேதத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றாமல் ஐந்தாம் லெவல் பிரச்சினையில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

பரிகாரியை யாரும் ஆட விரும்பாததற்குக் காரணம், தன் முறை வரும்போதெல்லாம் இன்னொருவரின் காயத்தை நிரப்பிவிட்டு உட்கார வேண்டியிருப்பது. 2008 பதிப்பு இதை நன்றாகத் தீர்த்தது. குணப்படுத்துவதைச் சிறு செயலாக்கி, அதே முறையில் அடிக்கவும் விட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தாமாகத் தேறும் பலமும் கொடுத்தார்கள். அதை அப்படியே எடுங்கள். அதன் மேல் பரிகாரிக்கு முடிவுகள் கொடுங்கள். அந்தக் கால வன்னியில் வாளை விடக் காய்ச்சல்தான் பெரிய எதிரி. மருந்து ஒருவருக்குத்தான் காணும், நடுங்குபவர்கள் இருவர், யாருக்குக் கொடுப்பது? நாளை நடக்கலாமா, ஒரு நாள் தங்க வேண்டுமா? புடையன் கடித்துக் கிடக்கும் எதிரியின் காவல்காரனைக் காப்பாற்றினால் அவன் வழி விடுவானா? இப்படி இரண்டு காட்சி வந்தால் அந்த கிளாஸுக்குப் போட்டி வரும்.

வாள்வீரருக்கு அதிகம் தேவையில்லை, சண்டைக்கு வெளியே ஒரு கனம் வேண்டும். 1978 விதிகளில் ஒன்பதாம் லெவல் போர்வீரர் கோட்டை கட்டலாம், ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். உங்கள் நாட்டில் அது ஐந்தாம் லெவலிலேயே தொடங்கட்டும்: ஒரு பற்றின் (சில ஊர்கள் சேர்ந்த பிரிவின்) இளைஞர்கள் பத்துப் பேர் அவர் சொல்லுக்கு எழுந்து வருவார்கள். தூதருக்கு வேட்டைக்காரருக்குச் சொன்னதே பொருந்தும். டைஸில் வென்றால் எதிராளி மனம் மாறுவதில்லை, அவருக்கு என்ன வேண்டும், எதற்கு அஞ்சுகிறார் என்பது தெரியவரும்.

அனுபவப் புள்ளிகளால் சமப்படுத்தலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. 1978இல் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் லெவலுக்குத் திருடருக்கு ஏறத்தாழ 1,250 புள்ளி, போர்வீரருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. தொடக்கத்தில் மெலிந்த மந்திரவாதி பின்னால் ஓங்குவார், மொத்தத்தில் சரியாகிவிடும் என்ற எண்ணம். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் எல்லோருக்கும் ஒரே அட்டவணை வந்தது. ஆண்டுக்கணக்கில் ஆடும் குழுவுக்குப் பழைய முறை பொருந்தலாம். நம் பக்கத்தில் ஒருவர் கம்பஸுக்குப் போய்விடுவார், ஒருவர் வெளிநாடு போய்விடுவார், ஆறாம் லெவலோடு குழு கலைந்துவிடும். ஒவ்வோர் ஆட்டமும் அன்றன்றைக்கே எல்லோருக்கும் நிறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் பக்கம்.

கேட்காத இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன், முக்கியம் என்று நினைப்பதால். வன்னியின் பழைய தொழில்களை கிளாஸாக்கும்போது எந்தக் கிளாஸையும் பிறப்போடு கட்டாதீர்கள். எந்த ஊரில் பிறந்தவரும் எந்தத் தொழிலையும் கற்றுக்கொள்ளலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், பாத்திரத் தாளில் குடும்பப் பெயருக்கு இடம் வைக்க வேண்டாம். அடுத்தது, பொறிகள். நிலத்தில் புதைத்து மிதித்தால் வெடிக்கும் பொறியை உங்கள் காட்டில் வைக்காதீர்கள். மேசையைச் சுற்றி இருப்பவர்களின் வீடுகளில் என்ன நடந்தது என்று எல்லாம் நமக்குத் தெரியாது. குழி, கண்ணி, விழும் கட்டை இவையே விளையாட்டுக்குத் தாராளம்.

மாற்றங்களை ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதலில் ஓய்வு விதி, இரண்டு மூன்று ஆட்டம் கழித்து வேட்டைக்காரர், பிறகு ஸ்பெல்களின் விலை. ஒவ்வோர் ஆட்டத்திலும் கொப்பியில் ஐந்து பெயர்களை எழுதி, குழுவின் போக்கை மாற்றும் முடிவை ஒருவர் எடுக்கும்போதெல்லாம் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். சேதக் கணக்கை விட இது கூடுதலாகச் சொல்லும். தொடர்ந்து இரண்டு ஆட்டத்தில் ஒரு பெயருக்கு நேரே கோடே இல்லை என்றால் அடுத்த கதையை அவருக்காக எழுதுங்கள், விதியில் கை வைப்பது அதற்குப் பிறகு.

சரி, மீனவர். இப்போதைக்குத் தனிக் கிளாஸ் வேண்டாம். உங்கள் கதை பெரும்பாலும் காட்டிலும் குளக்கரைகளிலும் நடக்கிறது, பத்தில் ஒரு ஆட்டம்தான் கடலுக்கு வரும். மற்ற ஒன்பதிலும் அவரை ஆடுபவர் வேட்டைக்காரர் ஊருக்குள் இருப்பது போலத்தான் இருப்பார். எவரும் எடுக்கக்கூடிய ஒரு பின்னணியாக வையுங்கள்: தோணி ஓட்டுவார், கரைவலை இழுப்பார், வாடையும் சோளகமும் எப்போது திரும்பும் என்று சொல்வார். வாள்வீரரோ மந்திரவாதியோ கடற்கரையில் பிறந்தவராக இருக்கலாம். ஓலை முல்லைத்தீவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கதை கடலோடு நகருமானால், அப்போது அதைக் கிளாஸாக உயர்த்தி, அந்தப் பின்னணியை ஏற்கெனவே எடுத்தவருக்கு விரும்பினால் மாறிக்கொள்ளும் உரிமையையும் கொடுங்கள்.